கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் கணக்கெடுப்பு



பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, சோழர் கடாரம் கொண்ட கதையையோ, நம் முன்னோர் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்த கதையையோ எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். அவற்றை எழுத என்னிலும் வல்லவர்கள் இருக்கிறார்கள். நானோ பயிற்சிச் சான்றிதழ் பெற்ற ஒரு சாதாரணத் தோட்டப் பள்ளி ஆசிரியை. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் போதிப்பவள். ஆகவே, என் வகுப்பறையில் எழுந்த ஒரு கேள்வியையே பிடித்துக்கொண்டு இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. மாணவன் ஒருவன், லயத்துக்குப் பின்னால் ஓடும் ஓடையிலிருந்து ஒரு போத்தல் தண்ணீர் பிடித்து வந்திருந்தான். "பாருங்க டீச்சர், பளிங்கு மாதிரி இருக்கு. இதுல ஒண்ணுமே இல்ல. எங்க பாட்டி, காய்ச்ச வேணாம், அப்படியே குடிங்கன்னுதான் சொல்வாங்க" என்றான். அதில் ஒரு சொட்டை எடுத்துப் பள்ளியின் பழைய நுண்ணோக்கியில் வைத்தேன். பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்தார்கள். செருப்பு வடிவத்தில் ஒன்று சுழன்று சுழன்று ஓடியது. பச்சை நூல் போல் ஒன்று அசையாமல் கிடந்தது. புள்ளி புள்ளியாய் வேறு பல துடித்துக்கொண்டிருந்தன. வகுப்பே ஆரவாரித்தது. அப்போது முன்வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், இதுல மொத்தம் எத்தனை வகை இருக்கு? யாராச்சும் எண்ணி இருக்காங்களா?"

அன்று என்னிடம் விடை இல்லை. அந்தச் சிறுமிக்குச் சொல்ல வேண்டிய விடையைத் தேடிப் பல நாட்கள் படித்தேன். படித்ததை உங்கள் எல்லாருக்குமாகச் சேர்த்து இங்கே தருகிறேன். இது நம் வாழ்வோடு சம்பந்தமில்லாத கதை என்று எண்ணிவிடாதீர்கள். நம் முன்னோரில் பல்லாயிரம் பேருடைய தலைவிதியை மாற்றி எழுதியது இத்தகைய ஒரு நுண்ணுயிர்தான். அதையும் உரிய இடத்தில் சொல்வேன்.

மிளகு நீரில் கண்ட அதிசயம்

ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் அந்தோனி வான் லீவன்ஹூக் என்றொரு துணி வியாபாரி இருந்தார். 1632-இல் பிறந்தவர். கல்லூரி வாசலை மிதிக்காதவர். துணியின் இழைகளைப் பார்க்கும் தொழில் பழக்கத்தில் கண்ணாடி வில்லைகள் மேல் ஆசை கொண்டு, தாமே தேய்த்துத் தேய்த்து, அக்காலத்தில் எவரிடமும் இல்லாத வலிமையுள்ள நுண்ணோக்கிகளைச் செய்தார். 1674-இல் ஓர் ஏரித் தண்ணீரைப் பார்த்தார்; அதில் நீந்தும் சிற்றுயிர்களைக் கண்டார்.

அதன் பிறகு அவருக்கு ஒரு விசித்திரமான ஐயம் எழுந்தது. மிளகு ஏன் காரமாக இருக்கிறது? நம் வீட்டு அடுப்பங்கரையில் உள்ள அதே மிளகுதான். கீழ்த்திசை நாடுகளிலிருந்து கப்பலேறி ஐரோப்பா சென்ற மிளகு. மிளகின் மேல் முள் போல் ஏதாவது இருந்து நாக்கைக் குத்துகிறதோ என்று பார்க்க நினைத்தார். மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சில வாரங்கள் சென்று 1676-இல் அந்த நீரைப் பார்த்தார். முள்ளைக் காணோம். முன்பு கண்டவற்றைவிட மிக மிகச் சிறிய உயிர்கள் கூட்டம் கூட்டமாய்த் திரிந்தன. இன்று பாக்டீரியா என்று நாம் சொல்லும் உயிர்களை மனிதக் கண் கண்டது அந்த மிளகு நீரில்தான். லண்டனில் உள்ள ராயல் சொசைட்டிக்கு அவர் கடிதம் எழுதினார். படித்தவர்கள் நம்பத் தயங்கினார்கள். அச்சபையைச் சேர்ந்த ராபர்ட் ஹூக் 1677-இல் தாமே செய்து பார்த்து உண்மைதான் என்று உறுதி சொன்ன பிறகே உலகம் ஏற்றுக்கொண்டது.

பார்த்தீர்களா மாணவர்களே! மிளகின் காரத்தைத் தேடிப் போனவருக்குப் புதிய உலகமே கிடைத்தது. கேள்வி கேட்பதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

காப்பியை அழித்த துரு

இனி நம் கதைக்கு வருவோம். இன்று இலங்கை என்றால் தேயிலை என்கிறோம். ஆனால் 1870-களில் இலங்கை மலைகளில் செழித்திருந்தது காப்பி. இரண்டரை லட்சம் ஏக்கருக்கு மேல் காப்பித் தோட்டங்கள் இருந்தன. தமிழ்நாட்டிலிருந்து நம்மவர்கள் படகேறி, காட்டு வழியில் நாள் கணக்கில் நடந்து, காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் வந்து, பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டவர்கள் ஏராளம்.

1869-ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பக்கத்தில் காப்பி இலைகளின் அடிப்புறத்தில் மஞ்சள் பொடி படிந்திருப்பதைக் கண்டார்கள். விரலால் தொட்டால் குங்குமப்பூ நிறத்தில் ஒட்டியது. அதுதான் காப்பித் துரு நோய். இங்கிலாந்தில் பெர்க்லி என்ற பூஞ்சைக்காளான் நிபுணர் அந்த இலைகளை ஆராய்ந்து, அதே ஆண்டில் அதற்கு 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயர் வைத்தார். பெயரின் பின்பாதிக்குப் பாழாக்குவது என்று பொருள். பெயருக்கேற்பவே நடந்தது. முதலில் தோட்டத் துரைமார் அதை அலட்சியம் செய்தார்கள். மழை சரியில்லை என்றார்கள். உரம் போதவில்லை என்றார்கள்.

1880-இல் ஹாரி மார்ஷல் வார்டு என்ற இளம் விஞ்ஞானி இலங்கைக்கு அனுப்பப்பட்டார். அவர் செய்த ஒரு காரியத்தை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். கண்ணாடித் துண்டுகளில் கிளிசரின் தடவி, காப்பிச் செடிகளுக்கு இடையே காற்றுப்பட வைத்தார். பிறகு அவற்றை நுண்ணோக்கியில் பார்த்தார். காற்றில் மிதந்து வந்த துருவின் வித்துகள் அந்தக் கண்ணாடியில் ஒட்டியிருந்தன! செடியைக் கேட்காமல் காற்றையே சாட்சிக்கூண்டில் ஏற்றிவிட்டார் அவர். காற்று வித்தைச் சுமந்து செல்கிறது, இலையின் ஈரத்தில் அது முளைக்கிறது, இலை மூச்சுவிடும் துளை வழியே உள்ளே நுழைகிறது என்று நிரூபித்தார். மலை மலையாய் ஒரே பயிரை நெருக்கி நட்டது நோய்க்கு விருந்து வைத்தது போலாயிற்று என்பதும் விளங்கியது. ஆனால் காலம் கடந்துவிட்டது. சில ஆண்டுகளுக்குள் காப்பித் தொழில் சாய்ந்தது. துரைமார் பலர் நொடித்துப்போனார்கள். கூலி நிலுவையோடு வேலையிழந்த நம்மவர்களின் துன்பத்தைச் சொல்லி முடியாது.

அதற்கு முன்பே, 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரா தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். காப்பி போன இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்குப் பருவமில்லை, ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க ஆள் வேண்டும். வந்து போன தொழிலாளி குடும்பத்தோடு லயத்தில் தங்கினார். பெண்கள் கையில் கொழுந்துக்கூடை ஏறியது. இலங்கையில் காப்பி நட்ட துரைமார் சிலர் மலாயாவுக்கும் வந்து காப்பி நட்டார்கள். பின்பு இங்கே ரப்பர் வந்தது. 1929-இல் இந்தக் கேமரன் மலையில் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இந்த மலையில் நீங்களும் நானும் இன்று நிற்பதற்குக் காரணங்கள் பல. அவற்றுள், காப்பி இலையின் அடியில் படிந்த அந்த மஞ்சள் பொடியும் ஒன்று என்றால் மிகையாகாது.

தேயிலைக்கும் இப்படி ஒரு பகைவன் உண்டு. கொழுந்தில் கொப்புளம் கொப்புளமாய் எழும்பும் நோயை நம் தாய்மார்கள் அறிவார்கள். அதுவும் பூஞ்சைக்காளான்தான். 1868-இல் அசாமில் முதலில் காணப்பட்டது. 1946-இல் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் பரவியது. அதுவும் காற்றில்தான் பயணம் செய்கிறது, பனிமூட்டத்தில்தான் செழிக்கிறது. ஆகவே, காற்றிலும் நீரிலும் மண்ணிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது தோட்டத்து மக்களுக்கு வயிற்றுப் பிழைப்போடு ஒட்டிய விஷயம்.

பெரட்டுக்கு வராதவர்கள்

நுண்ணுயிர்களைத் தனித்தனியே பிரித்து வளர்க்கும் முறையை ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் 1881-இல் வகுத்தார். அவர் முதலில் பயன்படுத்திய ஜெலட்டின் வெப்பத்தில் உருகிவிடும். அவருடைய ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஒருவரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே என்னும் அம்மையார், "அகார்-அகாரில் வளர்த்துப் பாருங்கள்" என்று யோசனை சொன்னார். அவர் தம் வீட்டில் பழக்கூழ் செய்ய அதைத்தான் பயன்படுத்துவார். ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய ஒரு டச்சுக் குடும்பத்தாரிடம் அவர் கற்றுக்கொண்டது அது. நம் பிள்ளைகள் பிறந்தநாள் விருந்தில் சாப்பிடும் அதே அகார்-அகார்தான்! இன்றும் உலகத்து மருத்துவமனைகள் எல்லாம் கிருமி வளர்ப்பது இந்த மலாய்ப் பெயர் கொண்ட பொருளில்தான். ஓர் இல்லத்தரசியின் சமையலறை அறிவு மருத்துவ உலகையே மாற்றியது. இந்தச் செய்தியை நம் பெண்பிள்ளைகள் மறக்கக்கூடாது.

நிற்க. இந்த முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. நம் தோட்டங்களில் காலையில் பெரட்டு நடக்கும். கூப்பிட்டதும் 'ஆஜர்' சொன்னவருக்குப் பெயர் விழும். படுத்த படுக்கையாய் லயத்தில் கிடப்பவருக்கும், ஆயாக் கொட்டகையில் இருக்கும் குழந்தைக்கும் பெயர் விழாது. பெரட்டுப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் தோட்டத்தில் இவ்வளவு பேர்தான் என்று தோன்றும். அகார்த் தட்டும் அப்படித்தான். அதில் வளர இசைந்த உயிர்கள்தாம் கணக்கில் வந்தன. மண்ணை நுண்ணோக்கியில் பார்த்தால் கணக்கற்ற உயிர்கள் தெரியும். அதே மண்ணைத் தட்டில் இட்டால் நூற்றுக்கு ஒன்றோ, அதற்கும் குறைவோதான் வளரும். மற்றவை எல்லாம் யார்? நூறாண்டுக் காலம் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

விட்டுச் சென்ற அடையாளம்

விடை வந்தது டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருளின் வழியாக. ஒவ்வோர் உயிரின் அணுவிலும் அதன் குலமுறை எழுதப்பட்ட நூல் போன்ற பொருள் இருக்கிறது. நம் தமிழுக்கு 247 எழுத்துகள். அந்த நூலுக்கு நான்கே எழுத்துகள். அந்த நான்கையும் மாற்றி மாற்றி அடுக்கித்தான் யானையும் எழுதப்பட்டிருக்கிறது, பாசியும் எழுதப்பட்டிருக்கிறது, நீங்களும் நானும் எழுதப்பட்டிருக்கிறோம்.

1977-இல் கார்ல் வோஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி, ரைபோசோம் என்னும் உறுப்பில் உள்ள ஒரு பகுதியை எல்லா உயிர்களிலும் ஒப்பிட்டுப் பார்த்தார். அணுவுக்குள் புரதம் செய்யும் தொழிற்சாலை அது. அது இல்லாமல் எவ்வுயிரும் இல்லை. ஆனால் குலத்துக்குக் குலம் அதன் எழுத்துகள் சிறிது மாறுபடும். ஆகவே அது பிறப்புப் பத்திரம் போல் பயன்பட்டது. இந்த ரைபோசோமின் அமைப்பைத் துல்லியமாகக் கண்டு 2009-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் என்பதை நாம் பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம்.

பின்னர் நார்மன் பேஸ் என்பவரும் அவருடைய குழுவினரும், உயிரைப் பிடித்து வளர்க்கவே வேண்டாம், நீரிலும் மண்ணிலும் உள்ள டி.என்.ஏ.வை நேராக எடுத்து இந்தப் பிறப்புப் பத்திரங்களைப் படித்தால் போதும் என்று வழிகாட்டினார்கள். 1987-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வண்டல் மண்ணிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் முறை விளக்கப்பட்டது. 'சுற்றுச்சூழல் டி.என்.ஏ.' என்ற சொல் வழங்கத் தொடங்கியது அக்காலத்தில்தான். 1990-இல் அட்லாண்டிக் கடலின் சர்காசோ பகுதித் தண்ணீரை இவ்வாறு ஆராய்ந்தபோது, எவரும் அறியாத ஒரு பாக்டீரியாக் குலம் வெளிப்பட்டது. எஸ்.ஏ.ஆர்.11 என்று அதற்குப் பெயர். உலகக் கடல்களில் மிக அதிகமாக உள்ள உயிர்களில் ஒன்று அது! கடல் முழுவதும் நிறைந்திருந்தும், தட்டில் வளராத ஒரே காரணத்தால் அதன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அதை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2004-இல் கிரெய்க் வென்டரின் குழுவினர் அதே கடற்பகுதியில் எடுத்த தண்ணீரிலிருந்து 12 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய மரபணுக்களைக் கண்டறிந்தார்கள்.

பெரிய உயிர்களையும் இம்முறையில் கண்டுபிடிக்கலாம். எல்லா உயிரும் தோலும் சளியும் கழிவுமாய்த் தம் டி.என்.ஏ.வை உதிர்த்துக்கொண்டே இருக்கின்றன. 2008-இல் பிரான்ஸ் நாட்டுக் குளங்களில், தவளையைப் பிடிக்காமலே, தண்ணீரை மட்டும் சோதித்து, அமெரிக்காவிலிருந்து வந்து புகுந்த பெருந்தவளை எந்தக் குளத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

எப்படிச் செய்கிறார்கள்? தண்ணீரை மிக நுண்ணிய துளையுள்ள வடிதாளில் வடிக்கிறார்கள். நம் வீட்டில் காப்பித்தூள் வடிகட்டுவது போலத்தான். வடிதாளில் தங்கியதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரிக்கிறார்கள். மிகக் குறைவாக இருக்கும் டி.என்.ஏ.வைப் பல கோடிப் படிகளாகப் பெருக்கும் முறை ஒன்றுண்டு. 1983-இல் கேரி மல்லிஸ் கண்டது. கோவிட் காலத்தில் மூக்கில் குச்சிவிட்டு எடுத்ததைப் பரிசோதித்தார்களே, அந்தப் பி.சி.ஆர். சோதனைதான் அது. பிறகு எந்திரம் எழுத்துகளைப் படிக்கும். கணினி அவற்றை ஏற்கெனவே சேர்த்துவைத்த பட்டியலோடு ஒப்பிட்டு, இன்ன குலம் என்று சொல்லும்.

சிலிகா ஏரி சொன்ன சேதி

இந்தியாவில் இத்துறையில் நடந்த ஓர் அரிய முயற்சியைச் சொல்லியாக வேண்டும். ஒடிசா மாநிலக் கடலோரத்தில் சிலிகா என்ற மாபெரும் உவர்நீர் ஏரி இருக்கிறது. மழைக்காலத்தில் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் விரியும். 1981-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே டால்பின்கள் உண்டு. பல நாடு கடந்து வரும் பறவைகள் உண்டு. ஏரியை நம்பி வாழும் மீனவக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. கடலோடு சேரும் வாய் மணலால் அடைபட்டு ஏரி நலிந்தது. 2000-ஆம் ஆண்டில் புதிய வாய் வெட்டிய பின் மீண்டும் உயிர்பெற்றது.

ஹைதராபாத்தில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் விஞ்ஞானி ஜி. உமாபதியின் குழுவினர் இந்த ஏரியின் தண்ணீரைப் பல பருவங்களில் எடுத்துச் சோதித்தார்கள். 2023-இன் இறுதியில் அவர்களுடைய ஆய்வு வெளிவந்தது. ஏதோ ஒரு குலத்தை மட்டும் தேடாமல், தண்ணீரில் கிடைத்த டி.என்.ஏ. அனைத்தையும் படிப்பது அவர்கள் வழி. ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட டி.என்.ஏ. துண்டுகளைப் படித்தார்கள். வைரஸ் தொடங்கி, பாக்டீரியா, பாசி, பூஞ்சை, மீன், பறவை, விலங்கு வரையில் சுமார் 1,071 குடும்பங்களைச் சேர்ந்த உயிர்கள் அந்த ஏரியில் இருப்பதாகக் கணித்தார்கள். இங்கே குடும்பம் என்பது உயிரியலார் வகுத்த ஒரு பிரிவு; ஒரு குடும்பத்துக்குள் பல இனங்கள் இருக்கும். வலை வீசவில்லை, பொறி வைக்கவில்லை, ஓர் உயிரையும் கொல்லவில்லை. தண்ணீரைக் கேட்டார்கள், தண்ணீர் சொன்னது.

என் வகுப்புச் சிறுமியின் கேள்விக்கு இதுவே என்னால் இயன்ற விடை. ஆம் கண்ணே, எண்ணத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் எண்ணி முடிக்கவில்லை.

குறையையும் சொல்ல வேண்டும்

ஆசிரியர் தொழிலில் இருப்பவர் நிறையை மட்டும் சொல்லிக் குறையை மறைக்கலாகாது. டி.என்.ஏ. இருக்கிறது என்பதால் அந்த உயிர் இன்றும் உயிரோடு இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. செத்ததன் மிச்சமும் தண்ணீரில் இருக்கும். இங்கேதான் வாழ்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. மேலே பிரிஞ்சாங்கில் உதிர்ந்ததைப் பெர்த்தாம் ஆறு கீழே ரிங்லெட் அணைக்குச் சுமந்து செல்லலாம். இத்தனை உயிர் என்று தலை எண்ணிச் சொல்லவும் இயலாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டியலில் இல்லாத உயிருக்குக் கணினி பெயர் சொல்லாது. எழுத்து தெரிகிறது, ஆள் தெரியவில்லை என்று கைவிரித்துவிடும். ஆகவே செடியையும் பூச்சியையும் காளானையும் கண்ணால் பார்த்து அடையாளம் சொல்லும் அறிவு இன்னும் தேவை. கொழுந்தைத் தொட்டுப் பார்த்தே நோய் எது என்று சொல்லும் நம் மூத்த தொழிலாளர்களின் அனுபவமும் அறிவுதான். அதை எந்த எந்திரமும் தள்ளிவிட முடியாது.

நமக்கு என்ன பயன்?

பெற்றோர் நாளன்று இதைப் பற்றிப் பேசியபோது, தாயார் ஒருவர் கேட்டார்: "இதெல்லாம் படிச்சு நம்ம புள்ளைங்களுக்கு என்ன டீச்சர் ஆகப் போவுது?" நியாயமான கேள்வி. நாள் முழுக்கக் குளிரிலும் மழையிலும் நின்று உழைப்பவர் கேட்கும் கேள்வி. மூன்று பதில் சொல்கிறேன்.

முதலாவது, உடல்நலம். 1992-க்குப் பிறகு நம் நாட்டில் காணாதிருந்த இளம்பிள்ளை வாதம், 2019 டிசம்பரில் சபா மாநிலத்தில் ஒரு கைக்குழந்தைக்குக் கண்டது. அப்போது கழிவுநீரைச் சோதித்து அந்த வைரஸ் எங்கே நடமாடுகிறது என்று பார்த்தார்கள். அதுவும் இதே தாயின் பிள்ளையான முறைதான். காய்ச்சல் வந்து படுக்கும் முன்பே தண்ணீர் எச்சரிக்கும் காலம் இது. எந்திரம் நம்மிடம் இல்லாவிட்டாலும் அதன் பாடம் நம்மிடம் இருக்கலாம்: பளிங்கு போல் தெரியும் தண்ணீரிலும் கிருமி இருக்கும், ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள், குழந்தைகளுக்குத் தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள். பாட்டிமார்கள் என்னைக் கோபிக்க வேண்டாம்!

இரண்டாவது, உரிமை. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவின் வெந்நீர் ஊற்றில் தாமஸ் பிராக் என்பவர் 1960-களில் ஒரு பாக்டீரியாவைக் கண்டார். அதிலிருந்து எடுத்த பொருள்தான் பி.சி.ஆர். முறையை எளிதாக்கியது. அந்த முறையின் உரிமை 1991-இல் 30 கோடி டாலருக்கு ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அந்தப் பூங்காவுக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை. இதையெல்லாம் கண்ட பிறகே, இயற்கை வளத்தை எடுத்து ஆராய்வோர் அனுமதி பெற வேண்டும், நன்மையைப் பகிர வேண்டும் என்று நாடுகள் விதி செய்தன. நம் மலேசியாவும் 2017-இல் அத்தகைய சட்டம் இயற்றியது. காட்டைக் காலங்காலமாக அறிந்த பூர்வகுடி மக்களின் சம்மதத்தையும் அது வேண்டுகிறது. பிரிஞ்சாங் மலையின் உச்சி இரண்டாயிரம் மீட்டருக்கும் மேல். அங்கே பாசி போர்த்திய காடு மேகத்துக்குள் நிற்கிறது. அங்குள்ள ஒரு பிடி மண்ணில் பெயரிடப்படாத உயிர்கள் எத்தனையோ! நாளை ஒரு நோய்க்கு மருந்தாகக்கூடியது அதில் இருக்கலாம். காடு அழிந்தால் பெயர் பெறாமலே அவையும் அழியும். இன்னார் இருந்தார் என்று சொல்லப் பதிவேடுகூட இராது. பதிவேட்டில் பெயர் இல்லாமல் போவது எத்தகைய வேதனை என்பதை, பிறப்புப் பத்திரத்துக்கும் அடையாளக் கார்டுக்கும் அலைந்த நம் சமூகத்துக்கு வேறு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மூன்றாவது, எதிர்காலம். காப்பித் துரு வந்தபோது அதைப் படித்துச் சொன்னவர்கள் இங்கிலாந்திலிருந்து வந்தார்கள். துன்பப்பட்டவர்கள் நம்மவர்கள். நோயை அனுபவித்தவனுக்கு அதன் பெயர்கூடத் தெரியாது. இனி அந்த நிலை வேண்டாம். அடுத்த முறை கொழுந்தில் புதிதாய் ஒரு புள்ளி விழுந்தால், அதை எடுத்து ஆராய்ந்து, "இது இன்னது, இப்படித் தடுக்கலாம்" என்று சொல்பவர் இதே லயத்தில் பிறந்து, இதே பள்ளியில் படித்த ஒருவராக இருக்க வேண்டும். சொன்னதைக் கேட்க வேண்டியவர்கள் காலம் கடத்தாமல் கேட்கவும் வேண்டும்.

பெற்றோர்களே, பிள்ளை ஒரு போத்தலில் சேற்றுத் தண்ணீரைப் பிடித்து வந்து வைத்தால் அதட்டாதீர்கள். "என்னப்பா பார்த்தே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஐந்தாம் படிவத்தோடு நிறுத்திவிடாமல் அறிவியல் படிக்க அனுப்புங்கள். மாணவர்களே, உரச் சாக்கையும் மருந்துப் போத்தலையும் ஓடையில் வீசாதீர்கள். வீசுபவர்களையும் பணிவோடு தடுங்கள். அந்த ஓடையில் நீங்கள் காணாத ஆயிரம் குடும்பங்கள் வாழ்கின்றன.

அந்தத் தண்ணீர்ப் போத்தல் இன்னும் என் வகுப்பறைச் சன்னலோரத்தில்தான் இருக்கிறது. வெயில் பட்டுப் பட்டு அதன் அடியில் பச்சை படர்ந்துவிட்டது. விழாவுக்கு வரும் பெற்றோர்கள் வகுப்பறைப் பக்கமும் வாருங்கள். நுண்ணோக்கியைத் துடைத்து வைத்திருக்கிறேன். உங்கள் பிள்ளைகளே உங்களுக்குக் காட்டி விளக்குவார்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி! ஓங்குக உழைப்பாளர் குடும்பங்கள்!